வண்டியின் அடிவயிற்றுக்கு எந்தக் கவசம்?

கடுகண்ணாவைக் கணவாயை ஏறிக் கடந்து, பித்தளைக் குத்துவிளக்குகளும் தட்டங்களும் வீதியோரக் கடைகளில் மின்னிக்கொண்டிருக்கும் பிலிமத்தலாவையை வந்தடைகின்ற வாகனக்காரருக்கு, கொழும்பிலிருந்து அதுவரையில் தம் வண்டியின் அடிப்பாகத்தைப் பற்றிச் சிந்திக்க வேண்டிய அவசியம் யாதொன்றும் ஏற்பட்டிராது. அவரே பேராதனையில் திரும்பி, கலஹா, தெல்தோட்டை மார்க்கமாக, ஜேம்ஸ் டெய்லர் 1867ஆம் ஆண்டில் 19 ஏக்கரில் தேயிலை நாட்டிய லூல்கந்துரத் தோட்டத்தை நோக்கி ஏறுவாரானால், அல்லது கண்டியையும் தாண்டி, ஹுன்னஸ்கிரியவில் மஹியங்கனை வீதியை விட்டு விலகி, கோர்பெட்ஸ் கேப் வழியாக மீமுரைக்கு இறங்குவாரானால், காலடியில் ஏதோ ஒரு கல் தட்டிய ஓசை கேட்ட மாத்திரத்தில் அந்தச் சிந்தனை தானாகவே வந்துவிடும். வந்த பிறகு, ஊர் திரும்பியதும் ஒரு கராஜில் வண்டியை விட்டு, "ஒரு தகடு அடித்துப் பூட்டிவிடுங்கள்" என்று சொல்வதோடு விஷயம் முடிந்ததாகப் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். எந்த உலோகம், எவ்வளவு கனம், வண்டியில் எதனோடு பிணைப்பது என்ற மூன்று கேள்விகளுள் கடைசிக் கேள்வியே முதலிற் கேட்கத்தக்கது என்பது என் அபிப்பிராயம்.

இந்தப் பாதைகள் கார்களை உத்தேசித்துப் போடப்பட்டவை அல்ல. கல்லை நெருக்கமாகப் பதித்து இடையிடையே மண்ணை நிரப்பிய தோட்டத்துப் பாதையில் கொழுந்து லொறியும் டிராக்டரும் ஓடியோடி இரு புறமும் பள்ளம் விழ, அந்தப் பள்ளங்களின் வழியே மழைநீர் பாய்ந்து மண்ணைக் கரைத்துக்கொண்டு போக, நடுமேடு மாத்திரம் கல்லும் புல்லுமாக உயர்ந்து நின்றுவிடுகிறது. சிறிய வண்டியின் சக்கரம் பள்ளத்தில் இறங்கியதும், எஞ்சினின் அடியிலுள்ள ஒயில் சம்ப், அதை அடுத்த கியர்பொக்ஸ், பின்னால் புகைக்குழாய், எரிபொருள் தாங்கி ஆகிய யாவும் அந்த மேட்டுக்கு நேராக வந்து நிற்கின்றன. தகரத்தாலான சம்ப் என்றால் நெளியும். அலுமினிய வார்ப்பாக இருந்தாலோ நெளிவதற்குப் பதிலாக வெடிக்கும். வெடித்ததை உணராமல் இன்னும் ஒரு ஏற்றம் ஏறிவிட்டால், ஒயில் வற்றிய எஞ்சினின் பேரிங்குகள் தேய்ந்து இறுகி, ஒரு சம்ப்பின் விலையில் தீர்ந்திருக்க வேண்டிய காரியம் ஓர் எஞ்சினின் விலைக்கு ஏறிவிடும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்த இந்நாட்டில், இருக்கிற வண்டியைக் காப்பாற்றிக்கொள்வதில் மக்களுக்கு உண்டாகியுள்ள கவலை நியாயமானதே.

எஸ்.யூ.வி. என்ற பெயரில் நம்மிடையே ஓடுகின்றவை எல்லாம் ஒரே வகை அல்ல. சுசுகி ஜிம்னி, தனிச் சேசிஸின்மேல் உடல் ஏற்றப்பட்டு, முன்னும் பின்னும் திட அச்சு பூண்ட பழைய மரபைச் சேர்ந்தது. அதன் 1,500 சி.சி. மாதிரி தரையிலிருந்து 210 மில்லிமீட்டர் உயரமுடையது. அதில் மிகத் தாழ்ந்து நிற்பது எஞ்சின் அன்று, அச்சின் நடுவே பருத்திருக்கும் டிஃபரன்ஷியலே; ஸ்பிரிங்கை உயர்த்துவதால் அது ஓர் அங்குலமும் உயராது, பெரிய டயர் ஒன்றே அதனை உயர்த்த வல்லது. ஆகையால் ஜிம்னிக்காரர், எஞ்சினுக்கு அகன்றதொரு தகட்டைப் பூட்டிப் பாரத்தைச் சுமப்பதற்கு முன், டிஃபரன்ஷியலுக்குச் சிறிய காப்பு ஒன்றைப் பூட்டுவது உசிதம். ஹொண்டா வெசல், டொயோட்டா ரைஸ் முதலியவற்றின் அமைப்பு வேறு. தனிச் சேசிஸ் இன்றி, உடலே சட்டமாகவும் அமைந்த இவ்வண்டிகளின் உயரம் 185 மில்லிமீட்டர் அளவில் நிற்பது; ஐவரும் அவர்களுடைய மூட்டைகளும் ஏறிய பின் அந்த உயரமும் கணிசமாகக் குறைந்துவிடும். இவற்றுக்கே எஞ்சின் தகடு மெய்யாகவே வேண்டியிருக்கிறது. இவற்றிலேயே அதைப் பூட்டுவதும் கடினமாயிருக்கிறது.

இனி, கிடைக்கக்கூடியவற்றைப் பார்ப்போம். ரப்பர் கலந்த தார்ப்பூச்சை அடிப்பாகம் முழுவதும் பீச்சிவிட்டு, அதையும் "அடிக்காப்பு" என்ற பெயரில் விற்கிறார்கள். அது சரளைக்கல் தெறிப்பதைத் தாங்கும், துருவைத் தாமதிக்கும், ஓசையைத் தணிக்கும்; பாறைக்கு முன் அதற்கு எந்தச் சக்தியும் இல்லை. வண்டியோடு வருகிற பிளாஸ்டிக் அண்டர் கவர் சேற்றையும் நீரையும் தடுத்து, காற்றைச் செம்மையாகச் செலுத்துவதற்கென்று அமைந்தது. அதன் கிளிப்புகள் உடைந்ததும் கழற்றி எறிந்துவிடுகிற பழக்கம் நல்லதல்ல என்பதைத் தவிர, அதைப்பற்றி இங்கே அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

மெய்யான போட்டி இரும்புக்கும் அலுமினியத்துக்கும் இடையிலேதான். ஒரு மீட்டர் நீளமும் 70 சென்டிமீட்டர் அகலமுமுள்ள தகட்டை எடுத்துக்கொண்டால், 3 மில்லிமீட்டர் இரும்பில் அது சுமார் 16.5 கிலோ நிறையும். 4 மில்லிமீட்டரானால் 22 கிலோவாகும். அலுமினியத்தில் 6 மில்லிமீட்டர் கனத்திலுங்கூட 11 கிலோவைச் சிறிது தாண்டும், அவ்வளவே. அலுமினியத்தின் விறைப்பு இரும்பின் விறைப்பில் மூன்றில் ஒரு பங்குதான் என்று எண்ணித் தயங்குவோருக்கு ஒன்று சொல்லலாம்: தகடு வளைவதை எதிர்க்கும் வலிமை கனத்தின் மும்மடிப் பெருக்கத்தை ஒட்டி ஏறுவதால், 3 மில்லிமீட்டர் இரும்புக்கு ஈடான விறைப்பை ஏறக்குறைய 4.3 மில்லிமீட்டர் அலுமினியம் தந்துவிடுகிறது, அதுவும் பாதி எடையில். அப்படியிருந்தும் எல்லோருக்கும் அலுமினியத்தைச் சிபாரிசு செய்ய என் மனம் இசையவில்லை. கூரான கல்லின் உராய்வில் அலுமினியம் கீறுண்டு பிசகும், சில வேளை கல்லைக் கவ்விக்கொள்ளவும் செய்யும். கடினமாக்கப்பட்ட கலவைகளைக் கூர்மையாக மடித்தால் விளிம்பில் வெடிப்புக் காணும், ஆகையால் மடிக்கத்தக்க 5052 போன்ற கலவையைக் கேட்டு வாங்க வேண்டும். ஒட்டுவதற்கு ஆர்கன் வெல்டிங் தேவை, அது வீதியோரத்துப் பட்டறைகள் எல்லாவற்றிலும் இருப்பதில்லை. இரும்பு போல்ட்டுகளோடு சேர்ந்து ஈரத்தில் கிடந்தால் தொடும் இடத்தில் அரிப்பும் உண்டாகும். இரும்போ, நெளிந்தால் சம்மட்டியால் நிமிர்த்தலாம், கிழிந்தால் எந்தத் தோட்டத்துப் பட்டறையிலும் ஒட்டலாம், ஆண்டுக்கொரு முறை சுரண்டி அன்டிகொரோசிவ் பூசினால் நெடுநாள் உழைக்கும். 10 மில்லிமீட்டர் எச்.டி.பி.ஈ. பிளாஸ்டிக் பலகை இதே பரப்பில் 7 கிலோவுக்கும் குறைவு. கல்லின்மேல் வழுக்குவதில் இரண்டையும் வெல்லும். ஆனால் புகைக்குழாயின் வெப்பத்துக்கு அருகில் வைக்க அது ஏற்றதன்று.

செக்கர் பிளேட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பார்வைக்கு அழகாக இருக்கிறதென்று அதன் மேடுபள்ளமான முகத்தைக் கீழ்நோக்கி வைத்துப் பூட்டுகிறார்கள். கவசத்தின் தொழிலே கல்லின்மேல் வண்டி வழுகிப் போக இடங்கொடுப்பதுதான் என்னும்போது, கல் சிக்குவதற்கென்று அத்தனை முடிச்சுகளை நாமே ஏற்படுத்திக் கொடுப்பதில் என்ன புத்திசாலித்தனம் இருக்கிறதோ!

பிணைக்கும் இடத்துக்கு வருவோம். எஞ்சினையும் முன்சக்கர உறுப்புகளையும் தாங்கும் சப்ஃபிரேம் என்ற கனத்த சட்டத்தில், ஏற்கனவே உள்ள துளைகளைப் பயன்படுத்திப் பூட்டப்பட்ட 3 மில்லிமீட்டர்த் தகடு, பம்பரின் மெல்லிய தகரத்திலும் ரேடியேட்டரைத் தாங்கும் சட்டத்திலும் தொங்கவிடப்பட்ட 5 மில்லிமீட்டர்த் தகட்டைக் காட்டிலும் பன்மடங்கு பயனுடையது. பின்னது முதல் அடியிலேயே தன்னைத் தாங்கிய தகரத்தையும் பிடுங்கிக்கொண்டு ரேடியேட்டரின்மேல் சாய்ந்துவிடக்கூடும். மோதலின்போது முன்பகுதி இன்ன விதமாக மடிய வேண்டும் என்று கணக்கிட்டே இக்கால வண்டிகள் கட்டப்படுவதால், பம்பரிலிருந்து பின்சட்டம் வரை நீண்ட ஒரே தகடாகப் பிணைத்து அந்தக் கணக்கைக் குலைப்பதும் கூடாது. சட்டத்தில் நேரடியாக வெல்டிங் செய்ய முன்வரும் பாஸிடம், மரியாதையாகவே, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்: அந்தச் சூடு உருக்கின் பதத்தையும் துருக்காப்பையும் ஒருங்கே கெடுத்துவிடும். சம்ப்புக்கும் தகட்டுக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளியாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நெளிந்த தகடே சம்ப்பை இடிக்கும். தகடுகள் இரண்டானால், முன் தகட்டின் பின்விளிம்பு பின் தகட்டின் அடியில், மீனின் செதில் படிவதுபோலப் படிய வேண்டும். போல்ட்டுத் தலைகள் தகட்டுக்குள் அமிழ்ந்திருக்கட்டும். வெளியே துருத்திய தலையைக் கல் தேய்த்துவிட்டால், அடுத்த முறை ஒயில் மாற்றும்போது அதைக் கழற்றச் சாவி பிடிக்க இடமிராது.

வெப்பத்தையும் மறக்கலாகாது. நீண்ட ஏற்றங்களில் சி.வி.ரி. கியர்பொக்ஸின் ஒயில் வெகுவாகச் சூடேறும். ரேடியேட்டரைத் தாண்டி வந்த காற்று வெளியேறுவதற்குப் பின்நோக்கிய பிளவுகள் இல்லாத தகடு, அந்தச் சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். கெட்டலிற்றிக் கன்வேர்ட்டர் இருக்கும் பகுதியை முழுவதுமாக மூடுவது மற்றோர் ஆபத்து: வரட்சிக் காலத்தில் ஹந்தானையிலும் நக்கிள்ஸ் சரிவுகளிலும் மானாப்புல் காய்ந்து நிற்கும்போது, தகட்டின் இடுக்கில் சேர்ந்த சருகு தீப்பற்றுவதற்கு அந்தக் குழாயின் சூடே போதுமானது. ஹைபிரிட் வண்டிகளில் செம்மஞ்சள் நிற உயர் மின்னழுத்தக் கேபிள் அடித்தளத்தின் வழியே பின்னாலுள்ள பற்றரிக்குச் செல்வதால், அது ஓடும் பாதையை அறியாத கையில் துளைக்கருவியைக் கொடுப்பது உசிதமன்று.

ஆகவே, தோட்டத்திலுள்ள உறவினர் வீட்டுக்கு மாதத்தில் ஓரிரு தடவை போய்வரும் வெசல்காரருக்கு, எஞ்சினையும் கியர்பொக்ஸையும் மாத்திரம் மறைக்கும் 3 மில்லிமீட்டர் இரும்புத் தகடே போதும். எரிபொருள் தாங்கிக்கென்று தனித் தகடு அவருக்கு வேண்டியதில்லை, நடுமேட்டின்மேல் ஒரு பக்கச் சக்கரத்தை ஏற்றி ஓட்டக் கற்றுக்கொண்டால் பாதித் தொல்லை தீர்ந்துவிடும். வாரந்தோறும் மலையேறுகிற ஜிம்னிக்காரர், டிஃபரன்ஷியல் காப்பையும் நல்ல டயரையும் வாங்கிய பின் பணம் மிஞ்சினால் அலுமினியத்தை நாடலாம். எடை குறைவதன் அருமையை உணரக்கூடியவர் அவரே. பிலிமத்தலாவைக்கும் பேராதனைக்கும் இடையில் மட்டும் ஓடுகிறவருக்கு எதுவுமே வேண்டியதில்லை.

எதைப் பூட்டினாலும், பூட்டுவதற்கு முன் வண்டியை ஹொயிஸ்ட்டில் ஏற்றி அடியில் துரு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஜப்பானின் பனிப்பிரதேசங்களில் உப்புத் தூவிய வீதிகளில் ஓடிவிட்டு இங்கு வந்த ரீகண்டிஷன் வண்டியானால், தகடு அந்தத் துருவை மூடி மறைத்து வளர்த்துவிடும். முதற் பயணம் முடிந்ததும் போல்ட்டுகள் எல்லாவற்றையும் மறுபடி இறுக்குங்கள். மழைக்காலத்தில் சேற்றுப் பாதையிலிருந்து திரும்பிய ஒவ்வொரு முறையும் தகட்டின் மேற்புறத்துக்குத் தண்ணீர் பீச்சிக் கழுவுவதோடு, ஆண்டில் ஒருமுறையேனும் அதை முழுவதுமாகக் கழற்றி இறக்கி, உள்ளே ஒயில் கசிவு ஏதேனும் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.