சுகாதார அளவீடுகளில் சுயகூற்றுத் தரவுகளின் செம்மை

வினா: “கடந்த 12 மாதங்களில் வைத்தியசாலையில் தங்கிச் சிகிச்சை பெற்றீர்களா?” எனச் சுகாதார அளவீடொன்றில் வினவிப் பெறப்படும் விடைகளை உண்மையெனக் கொள்ளலாமா? ஆராய்க.

விடை:
இவ்விடைகள் விடையிறுப்போரின் ஞாபகத்தில் தங்கியுள்ளன. எனவே வழு ஏற்பட இடமுண்டு. வைத்தியசாலைப் பதிவேடுகளுடன் ஒப்பிடுவதன் மூலம் இதனைச் சோதிக்கலாம்.

ஐக்கிய அமெரிக்காவில் 1957 இல் ஆரம்பிக்கப்பட்ட தேசிய சுகாதார நேர்காணல் அளவீடு தொடர்பாக இத்தகைய ஒப்பீடு நடைபெற்றது. அதன் முடிவுகள்:

1. வைத்தியசாலையை விட்டு வெளியேறிக் காலம் செல்லச் செல்ல, கூறாது விடுதல் அதிகரித்தது.
2. குறுகிய காலம் தங்கியமையே கூடுதலாக விடுபட்டது.
3. வெளியே சொல்லக் கூச்சப்படும் நோய்களும் கூடுதலாக விடுபட்டன.

வழுவின் வகைகள்:
(அ) விடுபடல் – நடந்ததைக் கூறாமை.
(ஆ) கால நகர்வு – 14 மாதங்களுக்கு முன் நடந்ததை ஓராண்டுக்குள் நடந்ததாகக் கூறல்.

உதாரணம் (கற்பனைத் தரவு):
200 பேர் நேர்காணப்பட்டனர். பதிவேட்டின்படி தங்கிச் சிகிச்சை பெற்றோர் 50 பேர். இவர்களுள் “ஆம்” என்றோர் 40, “இல்லை” என்றோர் 10. ஏனைய 150 பேருள் “ஆம்” என்றோர் 6.

கூற்றின்படி மொத்தம் = 40 + 6 = 46
பதிவேட்டின்படி மொத்தம் = 50
மொத்தங்களின் வேறுபாடு = 4
பிழையான விடைகள் = 10 + 6 = 16

இரு வழுக்களும் ஒன்றையொன்று ஈடுசெய்வதால் மொத்தம் சரியானது போலத் தோன்றுகின்றது. விடுபட்ட 10 பேரும் முதியோராயின், முதியோரின் தேவை குறைத்து மதிப்பிடப்படும். அவர்களுக்கான கட்டில்களும் தாதியரும் போதாமற் போவர். எனவே மொத்தத்தை மட்டும் ஒப்பிடுதல் போதாது.

பதிவேடும் பூரணமானதன்று. வேறொரு வைத்தியசாலையில் தங்கியவரின் உண்மையான “ஆம்” அதில் பிழையாகத் தெரியும்.

வழுவைக் குறைக்கும் வழிகள்:
• வினவும் காலப்பகுதியைச் சுருக்குதல். ஆயின் அரிதான நிகழ்வுகளுக்குப் பெரிய மாதிரி தேவைப்படும்.
• பண்டிகை, அறுவடை போன்ற நாட்களைச் சுட்டி ஞாபகப்படுத்தல்.
• ஆவணங்களைப் பார்வையிடல். குடித்தொகை, சுகாதார அளவீடுகளில் தடுப்பூசி விபரம் பெறுகையில் பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டைக் காட்டுமாறு தாயிடம் கேட்கப்படுவது இதனாலேயே.

கவனிக்க: மாதிரியின் பருமனை அதிகரித்தால் எல்லா வழுக்களும் குறையும் என மாணவர் சிலர் எழுதுவர். குறைவது எழுமாற்று வழுவே. பலரும் ஒரே திசையில் மறப்பதால் ஏற்படும் முறைமையான வழு அவ்வாறே எஞ்சும்.