நெஞ்சுச்சளிக்காரர் படுக்கும் அறை



ஆனி, ஆடிச் சாரலிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் நம் குழுக் கூட்டங்களுக்கு வருகிறவர்கள் குறைந்துவிடுவார்கள். காரணம் கேட்டால், "மாமிக்கு நெஞ்சுச்சளி", "பிள்ளைக்கு நிமோனியா, இப்பதான் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிட்டு வந்தோம்" என்பார்கள். அப்படி வீடு திரும்பியவரை நாம் எங்கே படுக்க வைக்கிறோம்? உள்ளறையில்தானே! ஜன்னலைச் சாத்தி, வெண்டிலேட்டர் ஓட்டையில் சாக்கைத் திணித்து, ஈரத்துணியையும் அங்கேயே கொடியில் போட்டு, ராத்திரி கொசுவர்த்தியும் கொளுத்தி வைக்கிறோம்.

"காத்து பட்டா சளி திரும்பிடும்" என்று மூத்தவர்கள் சொல்வது பாதி சரி. உடம்பு குளிரக் கூடாது. ஆனால் அறை மூடிக் கிடக்கவும் கூடாது. உடம்புக்குச் சூடு வேறு, அறைக்குக் காற்று வேறு.

நம் மூச்சுக்குழாயின் உள்பக்கம் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இழைகள் இருக்கின்றன. சளியை மேலே தள்ளி வெளியேற்றுவது அவைதான். நோய் வந்து தேறும்போது அவை சோர்ந்திருக்கும். அந்த நேரத்தில் புகை பட்டால் மேலும் கெடும், இருமல் வாரக்கணக்கில் இழுக்கும். ஒரு கொசுவர்த்திச் சுருள் முழுதும் எரிந்தால் வரும் நுண்தூசி 75 முதல் 137 சிகரெட் புகைக்குச் சமம் என்று 2003இல் வெளிவந்த ஆய்வு ஒன்று கணக்கிட்டது. நோயாளி அறையில் அது வேண்டாம், கொசுவலை போதும். சாம்பிராணியும் இப்போதைக்கு வேண்டாம்.

கேஸ் வந்த பிறகும் குளிக்க வெந்நீர் போட மட்டையும் சிரட்டையும்தான் எரிக்கிறோம். கல்குளம், விளவங்கோடு பக்கம் ரப்பர் ஷீட்டை அடுப்புப் புகையில் உலர்த்தும் வீடுகளும் உண்டு. முன்பு ஓட்டு வீட்டில் புகை ஓட்டிடுக்கு வழியாகப் போய்விடும். கான்கிரீட் வீட்டில் அது எங்கே போகும்? படுக்கையறைக்குத்தான் வரும். அடுக்களைப் பக்கக் கதவைச் சாத்தி வையுங்கள், வெளிப்பக்க ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

காற்றோட்டம் அவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்பீர்கள். மருத்துவக் கல்லூரி வருவதற்கு முன் ஆசாரிப்பள்ளத்தில் இருந்தது காசநோய் ஆஸ்பத்திரிதான். 1928இல் தொடங்கிய தாம்பரம் சானடோரியமும் அப்படித்தான். நல்ல மருந்து இல்லாத காலத்தில் திறந்த காற்றையும் ஓய்வையுமே நம்பினார்கள். பிறகு 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வில் 193 காசநோயாளிகளைச் சேர்த்தார்கள். பாதிப்பேருக்கு நெருக்கடியான சொந்த வீட்டிலும், பாதிப்பேருக்கு சானடோரியத்திலும் ஒரே மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். 1959இல் வந்த முடிவில் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் குணமாகியிருந்தது. ஆக, குணமாக்குவது மருந்துதான், டாக்டர் சொன்ன நாள்வரை நிறுத்தாமல் சாப்பிட வேண்டும். காற்றோட்டத்தின் வேலை வேறு. இருமும்போது வரும் கிருமி அறையில் தேங்காமல் வெளியேறும், பக்கத்தில் படுக்கும் பிள்ளைக்குத் தொற்றுவது குறையும்.

எப்படித் திறப்பது? ஒரு ஜன்னலை மட்டும் திறந்தால் காற்று ஓடாது. எதிர்ப்பக்கம் கதவோ ஜன்னலோ திறந்திருக்க வேண்டும். கட்டிலை அந்த ஓட்டத்துக்கு நேரே போடாமல் ஓரமாகப் போடுங்கள். சாரல் அடித்தால் கீழ்க்கதவைச் சாத்தி மேல்கதவைத் திறந்து வைக்கலாம், பழைய மர ஜன்னலுக்கு அந்த வசதி உண்டு. வெண்டிலேட்டர் சாக்கை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். ஈரத்துணி திண்ணையிலோ சாய்ப்பிலோ காயட்டும். வெயில் வந்த நேரம் பாயையும் தலையணையையும் முற்றத்தில் போடுங்கள்.

குளிருக்கு? நம்ம ஊர் ஊட்டி இல்லை. மார்கழி ராத்திரியிலும் கம்பளியும் காலுறையும் காய்ந்த துணியும் போதும். நெருப்புச் சட்டியோ கரியடுப்போ உள்ளே வைத்துக் கதவைச் சாத்துவது உயிருக்கே ஆபத்து. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். பிரசவித்த பெண்ணின் அறைக்கும் இதே பேச்சுதான்.

வீட்டில் பார்த்துக்கொண்டே இருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. மூச்சு விடச் சிரமம், உதடு நீலமாவது, சளியில் ரத்தம், விட்ட காய்ச்சல் திரும்புவது, பிள்ளை பால் குடிக்காமல் சோர்வது. பிள்ளையின் மூச்சை அது அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடம் எண்ணுங்கள். 2 மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40, அதற்கு எட்டினால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அவசரத்துக்கு 108. இரண்டு வாரம் தாண்டியும் இருமல் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனைக்குக் கொடுங்கள், காசு கிடையாது.