வாசலுக்கு வரும் சைக்கிள் மெக்கானிக்: தொழில் தொடங்குவது முதல் ரேஸில் உதவி வண்டி ஓட்டுவது வரை

கியர் சைக்கிள் வாங்குகிறவர்கள் பெருகிய அளவுக்கு அதைக் கழற்றி மாட்டத் தெரிந்தவர்கள் பெருகவில்லை. தெருமுனைக் கடைக்காரருக்குப் பஞ்சர் ஒட்டுவது, ஓவராயிலிங் செய்வது, வீலில் கோட்டம் எடுப்பது எல்லாம் கைவந்த வேலை. ஹைட்ராலிக் பிரேக்கையும் 12 ஸ்பீடு கேசட்டையும் பார்த்தால் அவர் தயங்குவார். ஷோரூமில் விட்டால் திரும்பி வர நாலைந்து நாள் ஆகும். அதற்குள் அந்த வாரச் சவாரியே போய்விடும். இந்த இடத்தில்தான் கருவிப் பெட்டியோடு வீட்டு வாசலுக்கு வரும் மெக்கானிக்குக்கு வேலை இருக்கிறது. நான் சென்னையை வைத்து எழுதுகிறேன். கோவை, மதுரைக்காரர்கள் தூரத்தையும் கட்டணத்தையும் தங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

இறங்குவதற்கு முன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். ரேஸ் வேலை பெயர் வாங்கித் தரும். மாதச் செலவைத் தாங்குவது அபார்ட்மென்ட் வேலைதான். இரண்டையும் தனித்தனித் தொழிலாக நினைத்தால் இரண்டுமே நொண்டும். வார நாட்களில் நீங்கள் சர்வீஸ் பண்ணிய வண்டிகளே ஞாயிற்றுக்கிழமை ஸ்டார்ட் கோட்டில் நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். எந்த வண்டியின் செயின் தேய்ந்திருக்கிறது, எதன் பின் வீலில் ஸ்போக் மாற்றினோம் என்று தெரிந்துகொண்டு ரேஸுக்குப் போவதற்கும், முன்பின் பார்க்காத ஐம்பது வண்டிகளுக்கு நடுவே போய் நிற்பதற்கும் ரொம்ப வித்தியாசம் உண்டு.

முதலில் கை பழகட்டும்

நல்ல சைக்கிள் கடை ஒன்றில் ஒரு வருஷமாவது வேலை பாருங்கள். வீடியோ பார்த்துக் கற்கலாம்தான். ஆனால் துருப்பிடித்துப் பிடித்துக்கொண்ட போல்ட் எப்போது சுழலும், எப்போது தலை முறியும் என்பதைக் கை மட்டுமே சொல்லும். கியர் செட் பண்ணுவது, வீல் கோட்டம் எடுப்பது, ஹைட்ராலிக் பிரேக்கில் எண்ணெய் மாற்றிக் காற்றை வெளியேற்றுவது ஆகிய மூன்றும் யார் துணையும் இல்லாமல் வர வேண்டும். பிரேக் எண்ணெயில் அலட்சியம் கூடவே கூடாது. ஷிமானோ பிரேக்குக்கு மினரல் ஆயில். ஸ்ராம் பிரேக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு டாட் திரவம். ஒன்றுக்கு மற்றதை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் கெட்டு பிரேக்கே போய்விடும். லீவரில் என்ன அச்சடித்திருக்கிறது என்று படித்துவிட்டுத்தான் பாட்டிலைத் திறக்க வேண்டும்.

அடுத்தது டார்க் ரெஞ்ச். ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம் போல்ட்டுகளுக்கு வழக்கமாக 5 நியூட்டன் மீட்டர், ஷிமானோ இடப்பக்க கிராங்க்கின் இரண்டு போல்ட்டுகளுக்கு 12 முதல் 14, கேசட் லாக்ரிங்குக்கு 40. கார்பன் ஹேண்டில்பாரில் ஸ்பேனரைக் கைக்கணக்கில் முறுக்கினால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு மாதம் கழித்து மகாபலிபுரம் சாலையில் ஒரு குழியில் இறங்கும்போது முறியும். மேலே உட்கார்ந்திருப்பவரின் பற்களும் தோள்பட்டையும் உங்கள் பொறுப்பு.

வண்டியும் பெட்டியும்

கடன் வாங்கி வேன் எடுத்துக்கொண்டு தொடங்காதீர்கள். இரண்டு பக்கமும் பெட்டி மாட்டிய ஒரு பைக் போதும். மடக்கு ஸ்டாண்டை பின் சீட்டில் கட்டிக்கொள்ளலாம். ரேஸ் வேலைகள் வரத் தொடங்கியதும் அந்த நாளைக்கு மட்டும் வேனை வாடகைக்கு எடுங்கள். வேன் வாடகை மாதாமாதம் ஒரு தவணைத் தொகையை எட்டும்போது சொந்த வண்டியைப் பற்றி யோசிக்கலாம். ஸ்டாண்டில் மாட்டும்போது சீட் போஸ்ட்டைத்தான் பிடிக்க வேண்டும், பிரேமின் குழாயைப் பிடிக்கக் கூடாது. மெல்லிய கார்பன் குழாய் ஸ்டாண்டின் பிடியிலேயே நொறுங்கிவிடும்.

கருவிகளில் 2 முதல் 10 மில்லிமீட்டர் வரையான அலன் கீ, டி25 டார்க்ஸ், செயின் கட்டர், செயின் தேய்மானம் பார்க்கும் கேஜ், கேசட் கழற்றும் டூல், ஸ்போக் கீ, கேபிள் கட்டர், கோன் ஸ்பேனர்கள், பாட்டம் பிராக்கெட் (பி.பி.) டூல்கள், பிரஷர் மீட்டர் வைத்த தரை பம்ப் ஆகியவை கட்டாயம். இவற்றோடு பலர் விட்டுவிடும் ஒன்று உண்டு: டிரெய்லியர் ஹேங்கரை நேராக்கும் கேஜ். பின் கியரைத் தாங்கும் இந்தச் சிறிய அலுமினியத் துண்டு, அடிபட்டால் பிரேமைக் காப்பாற்றத் தானே வளைந்துகொடுக்கும்படி செய்யப்பட்டது. வண்டி வலப்பக்கமாகச் சாய்ந்து விழுந்தாலே வளைந்துவிடும். “அண்ணா, எவ்வளவு டியூன் பண்ணாலும் கியர் சரியா உக்கார மாட்டேங்குது” என்று யாராவது சொன்னால் முதலில் அங்கேதான் பாருங்கள். மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுகிறவர் மிகப் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றும் நேரத்தில், உள்பக்கம் வளைந்த ஹேங்கர் கியரை ஸ்போக்குக்குள் தள்ளிவிடும். கியர் முறிந்து, ஸ்போக் அறுந்து, ரேஸ் அங்கேயே முடிந்துவிடும். மலை ரேஸுக்கு முன்பு ஒவ்வொரு வண்டியிலும் இதைச் சோதிக்காமல் விடாதீர்கள்.

உதிரிகளில் எல்லாவற்றையும் வாங்கிக் குவிக்க வேண்டாம். டியூப், பிரேக் பேட், கேபிள், செயின் குவிக் லிங்க் இந்த நாலும் தீரவே கூடாது. குவிக் லிங்க்கை 8, 9, 10, 11, 12 ஸ்பீடு என்று தனித்தனி டப்பாவில் போட்டு மேலே எழுதி ஒட்டுங்கள். ஒன்று மற்றதில் சேராது. டியூபில் பிரஸ்டா வால்வு, ஷ்ரேடர் வால்வு இரண்டும் வேண்டும். பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிளுக்குப் பழைய வால்வு டியூப் நாலைந்து கிடக்கட்டும். அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கிடைக்கும் இலவச சைக்கிள்களையும் ஒதுக்காதீர்கள். அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் போக அதுதான் வண்டி, தெருவுக்கு உங்களை அறிமுகப்படுத்துகிறவர்களும் அவர்கள்தான்.

பஞ்சர் போடத் தெரியும் என்று நினைப்பவர்கள்

பஞ்சரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மெக்கானிக்கின் பெயர் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். டியூபை மாற்றிக் காற்றடித்து அனுப்புவார். பத்து கிலோமீட்டர் தாண்டி மறுபடி இறங்கிவிடும். காரணம் டயரிலேயே உட்கார்ந்திருக்கிறது. நெடுஞ்சாலையில் லாரி டயர் வெடித்துச் சிதறிய இடங்களில் தலைமுடி கனத்தில் கம்பித் துண்டுகள் கிடக்கும். அது டயருக்குள் ஏறி நின்றுவிட்டால் வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது.

டயரை மாட்டும்போதே அதன் கம்பெனிப் பெயர் வால்வுக்கு நேராக வரும்படி மாட்டும் பழக்கம் வேண்டும். பஞ்சரான டியூபில் காற்றடித்து ஓட்டையைக் கண்டுபிடித்து, வால்விலிருந்து அது எத்தனை ஜாண் தள்ளி இருக்கிறது என்று டயர் மேல் வைத்து அளந்தால் கம்பி இருக்கும் இடம் தெரிந்துவிடும். உள்பக்கம் சிறு பஞ்சுத் துண்டை வைத்துத் தேயுங்கள். கம்பி இருக்கும் இடத்தில் இழை மாட்டும். விரலால் தேய்த்தால் குத்தும். டயரை வெளிப்பக்கம் மடித்து, மூக்குக் குறடால் இழுத்து எடுங்கள். ஓட்டை டியூபின் உள்வளைவில், ரிம்மை ஒட்டிய பக்கம் இருந்தால் குற்றவாளி டயர் இல்லை. ரிம் டேப் விலகி ஸ்போக் துளை தெரிகிறது என்று பொருள். பாம்பு கடித்தாற்போல அடுத்தடுத்து இரண்டு ஓட்டைகள் என்றால் காற்று குறைவாக ஓட்டியிருக்கிறார். காரணத்தை வாடிக்கையாளரிடம் சொல்லி, எடுத்த கம்பியை அவர் கையில் வையுங்கள். அடுத்த முறை வேறு யாரையும் கூப்பிட மாட்டார்.

கடற்கரைப் பக்கம் ஓடும் வண்டிகளுக்கு உப்புக்காற்று தனித் தொல்லை. சீட் போஸ்ட்டை வருஷத்துக்கு இரண்டு தடவையாவது உருவித் துடைத்து, அலுமினியம் என்றால் கிரீஸ், கார்பன் என்றால் அதற்கென்று விற்கும் பேஸ்ட் தடவ வேண்டும். இல்லையென்றால் பிரேமோடு ஒட்டிக்கொண்டு அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். செயின் தேய்மானம் 11, 12 ஸ்பீடில் 0.5 சதவீதத்தையும், 10 ஸ்பீடிலும் அதற்குக் கீழும் 0.75-ஐயும் தொட்டதும் மாற்றச் சொல்லுங்கள். தள்ளிப் போட்டால் விலை கூடின கேசட்டும் சேர்ந்து போய்விடும்.

சுற்றும் கணக்கும்

கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் ஓடினால் பெட்ரோலுக்கே சரியாகிவிடும். நாளுக்கு ஒரு பகுதி என்று பிரித்துக்கொள்ளுங்கள்: திங்கள் அடையாறு, திருவான்மியூர்; செவ்வாய் வேளச்சேரி; புதன் அண்ணா நகர் என்று. சனிக்கிழமையைப் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கத்து அடுக்ககங்களுக்கு விடலாம். சங்கச் செயலாளரிடம் முன்கூட்டிப் பேசி, வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு மூலை கேளுங்கள். அரை நாளில் ஒரே இடத்தில் பத்துப் பன்னிரண்டு வண்டி பார்க்கலாம். ஜூனில் பள்ளி திறக்கும் முன் குழந்தைகள் சைக்கிள் குவியும். வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் துருப்பிடித்த செயின்கள் வரும்.

கட்டணத்தை மூன்றாகப் பிரித்துச் சொல்லுங்கள்: வந்து போக, வேலைக்கு, உதிரிக்கு. வண்டியைத் தொடும் முன் வாட்ஸ்அப்பில் தொகையை அனுப்பிச் சம்மதம் வாங்குங்கள். கழற்றிய பழைய உதிரியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உதயம் பதிவுக்குக் கட்டணம் இல்லை. ஆதாரும் பான் அட்டையும் வைத்து இணையத்திலேயே முடிக்கலாம். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ரேஸ் நாள்

ரேஸ் ஒப்புக்கொள்ளும்போது முதலில் கேட்க வேண்டியது விதிமுறைப் புத்தகம். அயர்ன்மேன் போன்ற டிரையத்லான்களில் வெளியாள் உதவினால் வீரருக்குத் தண்டனை உண்டு. அமைப்பாளர் நியமித்த மெக்கானிக் மட்டுமே தொடலாம். பிரெவே எனப்படும் நெடுந்தூரச் சவாரிகள் வேறு மாதிரி. 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்துக்குள், 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். தனிப்பட்ட உதவியை கன்ட்ரோல் பாயின்ட்டுகளில் மட்டுமே வாங்கலாம். வழியில் நிறுத்தி டியூப் நீட்டினால் நீங்கள் செய்த நல்லதே அவருடைய சவாரியைக் கெடுத்துவிடும்.

எல்லா அணிக்கும் பொதுவாக உதவும் முறையைப் பெரிய அளவில் கொண்டுவந்தது பிரான்சின் மேவிக். 1973-ல் அதன் மஞ்சள் வண்டிகள் ரேஸ்களில் ஓடத் தொடங்கின; 2021 முதல் டூர் டி பிரான்ஸில் அந்த வேலையை ஷிமானோ செய்கிறது. அவர்களிடம் வேன் நிறைய வீல் உண்டு. நம்மிடம் நாலைந்து ஜோடிதான் இருக்கும். அதனால் ஒரு வாரம் முன்பே எல்லாப் போட்டியாளர்களுக்கும் படிவம் அனுப்பச் சொல்லுங்கள். ரிம் பிரேக்கா டிஸ்க்கா, குவிக் ரிலீஸா த்ரூ ஆக்சிலா, எத்தனை ஸ்பீடு, டிஸ்க் 140-ஆ 160-ஆ, பிரேம் எந்த மாடல் என்ற ஐந்து கேள்வி போதும். பதில்களைக் கூட்டிப் பார்த்தால் எந்த வீல்களை ஏற்ற வேண்டும் என்று தெரியும். ஹேங்கர் பிரேமுக்குப் பிரேம் மாறுவதால், அதை அவரவரே கையில் கொண்டுவரச் சொல்லிவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் நேரம், தூரம், ஆள் எண்ணிக்கை, டீசல், தங்குமிடம், உதிரிக்கு யார் பணம் தருவது எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். பாதித் தொகை முன்பணம். முந்தின நாள் மாலை சோதனை முகாம் போடுங்கள். ரேஸில் நடக்கும் கோளாறுகளில் பாதியை அங்கேயே பிடித்துவிடலாம். காலையில் ஸ்டார்ட்டுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே மேசை தயாராக வேண்டும். அப்போது வருகிறவர்களில் பாதிப் பேர் காற்றடிக்கத்தான் வருவார்கள். அதற்கு ஒரு பையனைத் தனியாக நிறுத்துங்கள்.

சாலையில் வண்டி கூட்டத்துக்குப் பின்னால்தான் போக வேண்டும். வீரர் கை தூக்கியதும் அவரை இடது ஓரத்துக்கு வரச் சொல்லி, அவருக்குப் பின்னால் விளக்கு மினுக்கியபடி நிறுத்துங்கள். மெக்கானிக் இடப்பக்கக் கதவு வழியாகவே இறங்க வேண்டும். பின் வீல் என்றால் செயின் மிகச் சிறிய பல்சக்கரத்துக்கு வந்திருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் மாற்றச் சொல்லிவிட்டுக் கழற்றுங்கள். வீல் வெளியே இருக்கும்போது டிஸ்க் பிரேக் லீவரை அவர் அமுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அமுக்கினால் பேடுகள் ஒட்டிக்கொண்டு புது வீல் நுழையாது. மாட்டியதும் வீலை ஒரு சுற்று சுற்றி, பிரேக்கை இரண்டு தடவை பிடித்துப் பார்த்துவிட்டே தள்ளிவிடுங்கள். பதற்றத்தில் இந்தச் சோதனையைத் தவிர்க்கச் சொல்லி அவர் கத்துவார். கேட்காதீர்கள்.

விழுந்த வீரரிடம் போனால் முதலில் ஆளைப் பாருங்கள், சைக்கிளை அப்புறம் தூக்கலாம். தலையில் அடி என்றால் 108. அவர் எவ்வளவு கெஞ்சினாலும் வண்டியில் ஏற விடாதீர்கள். ஆள் நன்றாக இருந்தால் ஃபோர்க், ஹேண்டில்பார், ஹேங்கர், பிரேக் லீவர் என்று வரிசையாகப் பாருங்கள். கார்பனில் கீறல் ஆழமாகத் தெரிந்தாலோ, தட்டினால் ஓரிடத்தில் மட்டும் சத்தம் மந்தமாக வந்தாலோ அந்த வண்டி அன்றைக்கு ஓடக் கூடாது. முடிவை நீங்கள் எடுக்கலாம் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதி வாங்கியிருந்தால் அந்த இடத்தில் வாக்குவாதம் வராது.

கொடுத்த வீல்களை முடிவுக் கோட்டிலேயே திரும்ப வாங்குங்கள். போட்டி எண், வீல் எண் இரண்டையும் கொடுக்கும்போதே குறித்து வைத்தால்தான் இது நடக்கும். கார்பன் டை ஆக்சைடு குப்பியால் காற்று ஏற்றிக்கொண்டவர்களிடம், வீட்டுக்குப் போய் அதை இறக்கிவிட்டுச் சாதாரணக் காற்று அடிக்கச் சொல்லுங்கள். அந்த வாயு டியூபிலிருந்து சீக்கிரம் கசிந்துவிடும். எந்த வண்டிக்கு என்ன செய்தோம் என்ற பட்டியலை அமைப்பாளருக்கு பில்லோடு அனுப்பி, வழியில் அவசரமாகத் தொட்ட வண்டிகளின் உரிமையாளர்களுக்கு அடுத்த வாரமே முழு சோதனைக்கு நேரம் ஒதுக்குங்கள். தீர்ந்துபோன டியூபையும் குவிக் லிங்க்கையும் அன்று மாலையே நிரப்பிவிடுங்கள்; திங்கள் காலை அடையாறு.