சாருக்கும் ஒரு வகுப்பு

கெமிஸ்ட்ரி சார் ஒரு வாரம் வரவில்லையென்றால் நமக்குக் கொண்டாட்டம். "சார் டிரெயினிங் போயிருக்கார்டா" என்பதோடு விட்டுவிடுவோம். பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்கென்றே 1964-ல் சென்னையில் ஒரு பயிற்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. தரமணியில் இன்றும் நடக்கிறது. ஆனால் ஃபைலும் சர்டிஃபிகேட்டும் மட்டும் கொடுத்தனுப்பும் பயிற்சியால் நமக்கென்ன லாபம்?

கிளாஸ்கோ பேராசிரியர் அலெக்ஸ் ஜான்ஸ்டோன் 1991-ல் ஒரு முக்கோணம் வரைந்தார். கண்ணால் காண்பது, கண்ணுக்குத் தெரியாத துகள், காகிதத்தில் எழுதும் குறியீடு. ஆசிரியர் மூன்று மூலைக்கும் ஒரே மூச்சில் தாவுவார். மாணவன் முதல் மூலையிலேயே நிற்பான்.

நம்ம லேபில் தண்ணீரின் கடினத்தன்மை பார்க்கிறோமே, அதையே எடுங்கள். எரியோகுரோம் பிளாக் டி போட்டால் ஒயின் சிவப்பு, ஈ.டி.டி.ஏ. சொட்டச் சொட்டக் கடைசியில் நீலம். ரீடிங் எழுதினோம், கிளம்பினோம். ஏன் மாறுது? கால்சியம், மக்னீசியம் அயனிகளோடு நிறங்காட்டி சேர்ந்திருக்கும்வரை சிவப்பு. ஈ.டி.டி.ஏ.வின் பிடி அதைவிட வலுவானது. முதலில் தனியாகத் திரியும் அயனிகளை வளைக்கும். முடிவில் நிறங்காட்டியிடம் இருப்பதையும் பறிக்கும். தனித்து விடப்பட்ட நிறங்காட்டிதான் அந்த நீலம். இதெல்லாம் ஒழுங்காக நடக்க பி.எச். 10 வேண்டும். அந்த அம்மோனியா பஃபர் நாத்தம் சும்மா இல்லை!

பயிற்சி முடிந்து வந்த எங்கள் சார், பியூரெட்டைத் தொடவிடாமல், "இப்போ ஃபிளாஸ்க்குள்ள என்ன இருக்கு, படம் போடு" என்றார். அரை பீரியட் போச்சு. வைவாவில் எக்ஸ்டர்னல் அதையே கேட்டபோது எங்க பேட்ச்சில் பாதிப் பேர் வாய் திறந்தார்கள்.