யூரியா மூட்டையில் ஜப்பானும் ஐரோப்பாவும்

"ஜப்பான்–ஐரோப்பா ஒத்துழைப்பு"ன்னு தலைப்பு போட்டா பாதிப் பேர் அடுத்த பக்கத்துக்குப் போயிடுவீங்க. அதனால திருப்பனந்தாள் உரக்கடையில் இருந்து ஆரம்பிக்கிறேன். அங்க 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. 2022-ல் உக்ரைன் போர் வந்தப்பவும் அதே விலைதான். அப்போ உலக அரசியல் டெல்டா வயலைத் தொடவே இல்லையா? தொட்டது. அது வந்த வழியைத்தான் சொல்லப் போறேன்.

முதல்ல கொஞ்சம் கெமிஸ்ட்ரி. யூரியாவுக்கு அமோனியா வேணும், அமோனியாவுக்கு ஹைட்ரஜன் வேணும். நம்ம நாட்டில் அந்த ஹைட்ரஜன் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவில் இருந்து வருது. மணலியில் இருக்கிற மெட்ராஸ் ஃபெர்ட்டிலைசர்ஸ் ஆலை முன்னாடி நாப்தாவில் ஓடியது. 2019-ல் எண்ணூர் முனையத்தில் கப்பலில் வந்து இறங்கும் எல்என்ஜிக்கு மாறியது. எரிவாயுவை மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்தால் திரவமாகி, கன அளவு சுமார் 600-ல் ஒரு பங்காகச் சுருங்கும். அதுதான் எல்என்ஜி. ஆக, நாம தெளிக்கிற மேலுரத்தின் ஒரு முனை நடுக்கடலில் மிதக்குது.

இப்போ ஜப்பானுக்கு வாங்க. வெளிநாட்டில் இருந்து அங்க ஒரு கேஸ் பைப்லைன்கூட கிடையாது, எல்லாமே கப்பல்தான். அதனால பல வருஷ ஒப்பந்தம் போட்டு வாங்குவாங்க. அந்த ஒப்பந்தங்கள் பலதில் ஒரு விதி இருந்தது: வாங்கின சரக்கை உங்க துறைமுகத்தில்தான் இறக்கணும், வேற யாருக்கும் விற்கக் கூடாது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடலாம், பார்சல் கிடையாதுங்கிற மாதிரி. 2017 ஜூனில் ஜப்பானின் நியாய வர்த்தக ஆணையம் இந்த விதியைக் கேள்வி கேட்டது. அடுத்த மாதமே, எல்என்ஜி சந்தையில் இந்த மாதிரி தடைகளைத் தளர்த்த ஜப்பானும் ஐரோப்பிய ஆணையமும் புரிந்துணர்வுக் குறிப்பில் கையெழுத்துப் போட்டன.

செய்தியில் அடிபட்டதெல்லாம் பெரிய ஒப்பந்தம்தான். 2018 ஜூலையில் டோக்கியோவில் கையெழுத்தாகி, 2019 பிப்ரவரி 1-ல் அமலுக்கு வந்த பொருளாதாரக் கூட்டாண்மை ஒப்பந்தம்: கார், சீஸ், ஒயின், அதுக்கெல்லாம் வரி. என்னைக் கேட்டா, அந்தச் சின்னக் குறிப்புதான் சுவாரஸ்யம். அரசாங்கங்கள் கை குலுக்கினா மட்டும் கப்பல் திரும்பிடாது. திரும்பலாம்னு காகிதத்தில் இருக்கணும்.

2022 பிப்ரவரி 9 அன்று, போர் தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போதே, தன் தேவைக்குப் போக மிஞ்சுகிற எல்என்ஜியை ஐரோப்பாவுக்குத் திருப்பிவிடுவதாக ஜப்பான் அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2021-ல் இறக்குமதி செய்த எரிவாயுவில் சுமார் 45 சதவீதம் ரஷ்யாவுடையது. அதை விட்டு வெளியே வர, அவங்க கப்பல் சந்தைக்குள் இறங்கினாங்க. ஆசிய ஸ்பாட் விலை 2020 ஏப்ரலில் ஒரு எம்எம்பிடியுவுக்கு 2 டாலருக்கும் கீழே இருந்தது. 2022 மார்ச்சில் ஒரு நாள் 84 டாலரைத் தாண்டியது.

இதில் ஜப்பான் ஒண்ணும் தியாகி இல்லை. ரஷ்யாவின் சகாலின்-2 திட்டத்தில் மிட்சுயி, மிட்சுபிஷி இரண்டுமே தங்கள் பங்கை விடலை. 2022 டிசம்பரில் ஜி7 நாடுகள் ரஷ்ய எண்ணெய்க்கு விலை வரம்பு வைத்தப்போ, சகாலின்-2-இல் இருந்து ஜப்பானுக்குப் போகும் எண்ணெய்க்கு விலக்கு கிடைத்தது. ஐரோப்பா அதைப் பொறுத்துக்கிட்டது.

நம்ம பக்கம் என்ன ஆச்சு? கெயில் நிறுவனம் 2012-லேயே ரஷ்யாவின் காஸ்ப்ரோம் குழுமத்துச் சிங்கப்பூர் நிறுவனத்தோடு 20 வருஷ ஒப்பந்தம் போட்டிருந்தது. அந்தச் சிங்கப்பூர் நிறுவனம் காஸ்ப்ரோமின் ஜெர்மன் கிளைக்குக் கீழே இருந்தது. 2022 ஏப்ரலில் ஜெர்மன் அரசு அந்தக் கிளையைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்தது. பதிலுக்கு மே மாதம் ரஷ்யா அதன் மீது தடை போட்டது. கெயிலுக்கு வரவேண்டிய கப்பல்கள் வரலை. அதே மே மாதம் 24-ந்தேதி, குறுவைக்காக மேட்டூர் அணையை வழக்கத்தைவிட முன்னாடியே திறந்தாங்க. இங்க தண்ணீர் சீக்கிரம் வந்தது, அங்க கேஸ் நின்றது. கெயில் உர ஆலைகளுக்குக் கொடுக்கும் அளவைக் குறைக்க வேண்டி வந்தது.

ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். ஜப்பான் ஐரோப்பாவுக்கு விட்டது நம்ம கப்பலை இல்லை. இரண்டும் தனித்தனிக் கதை. ஆனா நமக்கு வராத கப்பலுக்குப் பதில் வாங்கப் போனா, ஐரோப்பா காசோட நிற்கிற அதே சந்தைக்குத்தான் போகணும்.

அப்புறம் ஏன் மூட்டை விலை மாறலை? அந்த வருஷம் ஒரு மூட்டையின் உண்மையான செலவு 2,000 ரூபாய்க்கும் மேலே. மீதியை மத்திய அரசு மானியமாகக் கொடுத்தது. 2022–23-ல் உர மானியம் மொத்தம் இரண்டரை லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. விலை மூட்டையில் ஏறாமல் பட்ஜெட்டில் ஏறியது. நம்ம வீட்டு வரியும் அதில்தான் இருக்கு.

ஜப்பானும் ஐரோப்பாவும் அதுக்குப் பிறகு இன்னும் நெருங்கிட்டாங்க. 2024 நவம்பரில் பாதுகாப்புக் கூட்டாண்மை, 2025 ஜனவரி 1-ல் வியூகக் கூட்டாண்மை ஒப்பந்தம் முழுமையாக அமல். அதே ஜனவரியில்தான் கெயில் தன் வழக்கைச் சமரசத்தில் முடித்தது. கேட்டது சுமார் 180 கோடி டாலர், கிடைத்தது 28.5 கோடி டாலர்.

ரஷ்ய எல்என்ஜியை நீண்டகால ஒப்பந்தத்தில் வாங்குவதையும் 2027 ஜனவரி 1 முதல் நிறுத்த ஐரோப்பிய ஒன்றியம் முடிவு செய்திருக்கு. அந்தப் பொங்கலுக்கு நம்ம பக்கம் சம்பா அறுவடை நடக்கும். யூரியா அடுத்த குறுவைக்குத்தான் வேணும்.