காரின் குளிர்ப்பொறி பழுதுறுங் காரணம்

சித்திரை வெயிலில் திருச்சியினின்று திருவரங்கம் செல்வோர், 1976-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற காவிரிப் பாலத்தின்மீது வண்டிகள் ஊருங்கால், காரினுள் வீசும் குளிர்காற்று வெங்காற்றாதலைக் கண்டிருப்பர். உடனே, “கம்ப்ரசர் போயிற்று” என்று தீர்ப்புரைத்து விடுகின்றனர். அது பெரும்பாலும் அவசரத் தீர்ப்பே என்பது நம் கருத்து.

கம்ப்ரசராவது, ஆவியாய் வரும் கேஸை அமுக்கிச் சூடேற்றி, வண்டி முகப்பிலுள்ள கண்டென்சருக்கு அனுப்பும் பொறி. ‘அமுக்கி’ எனத் தமிழில் வழங்கலாம். ஆயினும் பட்டறையில் அச்சொல் செல்லாது. கேஸுடன் கலந்தோடும் எண்ணெயே அதற்கு உயிர். எங்கேனும் கசிவு நேரின் கேஸுடன் எண்ணெயுங் குறைய, பொறி உராய்ந்து தேய்கின்றது. ஆகவே, கசிவை அடையாமல் ஆண்டுதோறும் கேஸ் மட்டும் நிரப்புவது, கம்ப்ரசரைச் சிறிது சிறிதாகக் கொல்வதேயாம்.

இனிப் பாலத்திற்கு வருவோம். வண்டி நகராதபோது எதிர்காற்றில்லை. கண்டென்சருக்கு விசிறி ஒன்றே துணை. விசிறி நின்றாலும், இடுக்குகளிற் புழுதி அடைந்தாலும், வெப்பம் வெளியேறாமல் அழுத்தம் மிகும். பாலத்தில் குன்றிய குளிர் சென்னை நெடுஞ்சாலையில் விரைந்தோடுகையில் மீளுமாயின், முதற்கண் ஐயுறத்தக்கவை இவ்விரண்டுமே, கம்ப்ரசர் அன்று.

கம்ப்ரசர் சுழலவேயில்லையெனின், பியூஸ், ரிலே, கிளட்ச் ஆகியவற்றை நோக்குக. கேஸ் மிகக் குறைந்தவழி அழுத்த ஸ்விட்ச் தானே அதனை நிறுத்திவிடும். அது பழுதன்று, காவல்.

சுழன்றும் குளிரில்லையெனின், மருத்துவர் நாடி பார்ப்பதுபோல, மெக்கானிக் இரு அழுத்தமானிகளைப் பொருத்திப் பார்ப்பார். இரு பக்கமும் தாழ்ந்திருப்பின் கேஸ் குறைவு. உயர் அழுத்தப் பக்கம் வரம்பு கடந்தேறின் கண்டென்சரிற் குறை. தாழ்வாக இருக்கவேண்டிய பக்கம் உயர்ந்தும், உயரவேண்டியது தாழ்ந்தும் நிற்குமாயின், அப்பொழுதே கம்ப்ரசரை ஐயுறலாம்.

வாடகைக் கார் ஓட்டும் நம் நண்பர் ஒருவர் ஓராண்டில் இரு கம்ப்ரசர்கள் மாற்ற நேர்ந்தது. முதலாவது உடைந்தபோது சிதறிய உலோகத்தூள் கண்டென்சரின் நுண்குழாய்களில் தங்கி, புதியதையும் அரித்துவிட்டது. இரண்டாம் முறை கழற்றியபோது எண்ணெய் கருத்திருந்தது. பின்னர்க் கண்டென்சரையும், ஈரமுறிஞ்சும் டிரையரையும் மாற்றி, ஏனைய குழாய்களைக் கழுவி, பம்பு வைத்துக் காற்றையும் ஈரத்தையும் இழுத்தகற்றி, எண்ணெயை அளந்து ஊற்றினர். அதன்பின் பொறி நன்கு ஓடுகின்றது. இரண்டாவது கம்ப்ரசருக்காக அவர் வாங்கிய கடன் மட்டும் இன்னுந் தீரவில்லை.