கிளாபர் உப்பும் சாயத்தொட்டியும்

நூலுக்குச் சாயமிடும் அங்கத்தினர் கிளாபர் உப்பை அறிவர். இதன் இரசாயனப் பெயர் சோடியம் சல்பேட். பொத்தேரிக்குக் கிழக்கேயுள்ள கேளம்பாக்கம் உப்பளங்களுக்குப் பெயர் தந்த கறியுப்பு வேறு; இது வேறு. கண்ணாடி, காகிதக்கூழ், சலவைத்தூள் ஆகிய தொழில்களிலும் இது பயன்படுகிறது.

இவ்வுப்பு படிகமாகவும் நீரற்ற தூளாகவும் விற்கப்படுகிறது. படிகத்தின் எடையில் நூற்றுக்கு 56 பங்கு நீர். உப்பு 44 பங்கே. எனவே 100 கிலோ தூளுக்கு ஈடாகச் சுமார் 227 கிலோ படிகம் வேண்டும். கொள்முதல் கணக்குகளில் மூட்டை விலை மட்டுமே ஒப்பிடப்பட்டிருப்பதை நாம் காண்கிறோம். தூளின் விலையில் 44 சதவீதத்துக்கு மேல் படிகத்துக்குக் கொடுப்பின் சங்கத்துக்கு நட்டமே. மேலும், படிகம் 32 டிகிரி வெப்பத்திலேயே இளகிவிடும்.

தொட்டியில் பருத்தி நூலும் சாயமும் ஒரே வகை மின்னேற்றம் பெற்று ஒன்றையொன்று விலக்குகின்றன. உப்பு அவ்விலக்கத்தைத் தணித்துச் சாயத்தை நூலில் ஏற்றுகிறது. ஆயினும் அது நூலில் தங்குவதில்லை, கழிவுநீரோடு வெளியேறுகிறது.

நொய்யலாற்றில் 1992-இல் பாசனத்துக்கென எழுந்த ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கி, நீர் பயிருக்கு உதவாது போயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது.

கழிவுநீரில் கரைந்த இவ்வுப்பு சுண்ணாம்பிட்டால் முழுதும் நீங்காது. சவ்வு வழியே நீரைப் பிரித்து, எஞ்சியதை வற்றச் செய்தே மீட்கவேண்டும். மீட்டது மறுபடி சாயமிட உதவும். ஆதலின் கைக்கணக்கில் அள்ளிப்போடாது, நிறத்தின் அடர்த்திக்கு ஏற்ப நிறுத்து இடுவோமாக. நெசவாளர் மிச்சப்படுத்தும் ஒவ்வொரு கிலோ உப்பும் விவசாயியின் வயலைக் காக்கும்.